ஒஷாவாவில் ஊர் விசாரித்தவன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு வடிகட்டின மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. ஒருத்தரும் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு, பெப்ரவரிக் குளிரில் ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்கு ரயிலேறிப் போனவன் நான். போன இடத்தில், ஒருத்தரும் கேட்காமலே, நான் ஆர், எந்த ஊர், ஆரின்ர பிள்ளை என்று முழுவதையும் ஒப்புவித்துவிட்டு வந்தவனும் நான்தான். கள்ளன் முகத்தை மூடிக்கொண்டு வீடு புகுந்து, போகும்போது தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போனமாதிரி.

ஏன் ஒஷாவா என்று கேட்பீர்கள். ரயில் அதற்கு மேல் போகாது. போயிருந்தால் நானும் போயிருப்பேன்.

காரில் போயிருக்கலாம்தான். ஆனால் என் தொழில் கார் ஓடப் பழக்குவது. ஸ்காபரோவில் இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. காரின் இரண்டு பக்கக் கதவிலும் என் படம் இருக்கிறது: கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, தலையில் மயிர் இருந்த காலத்துப் படம். தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனாலும், "அண்ணை, பரலல் பார்க்கிங் எனக்கு இப்பவும் சரிவராது" என்று யாராவது ஒருத்தர் தக்காளிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். இப்படிப்பட்டவனுக்கு இரகசியம் என்று ஒன்று வந்தால் அவன் ரயிலில்தான் போகவேண்டும்.

வயது நாற்பத்துமூன்று. கலியாணம் கட்டவில்லை. அம்மாவோடு ஒரு அப்பார்ட்மெண்டில் இருக்கிறேன். எனக்குப் பிடித்தது ஆம்பிளையளைத்தான் என்பது எனக்குப் பதினாறு வயதிலேயே தெரியும். அம்மாவுக்கு, அவ தெரிந்துகொள்ள விரும்புகிற அளவுக்குத் தெரியும்.

போன வருஷம் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் என்னிடம் கார் பழக வந்தார். கொம்பியூட்டர் வேலை, விட்பியில் வீடு. ஊரில் பத்து வருஷம் ஓடின அனுபவத்தோடு வந்தவர், முதல் பாடத்திலேயே ஒன்பது தரம் ஹோர்ன் அடித்தார்.

"இஞ்ச உது அடிக்கக் கூடாது" என்றேன்.

"ஹாரன் அடிக்காம எப்படி சார் வண்டி ஓட்டுறது? நாம வர்றது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

அவருடைய குணமே அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. முதல் ரோட் ரெஸ்றில் அவர் பெயில். இரண்டாவதில் பாஸ். பாஸ் பண்ணின பிறகுதான் நாங்கள் கோப்பி குடிக்கப் போனோம். எனக்கும் தொழில் தர்மம் உண்டு. முதல் தரம் அவர் பெயிலானபோது ஆர் கூடுதலாகக் கவலைப்பட்டது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே, நார்த்தங்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில், இன்னொரு போத்தல் பகிரங்கமாக நிற்கும். உள்ளே நீலக் குளிசை. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கிற மருந்து, பிரெப் என்று பெயர். நாளுக்கு ஒன்று. வந்த பிறகு எடுக்கிறதில்லை, வராமலிருக்க எடுக்கிறது. விருந்துக்கு வருகிறவர்கள் ஊறுகாய் எடுக்கும்போது அதையும் பார்ப்பார்கள். அவர் கவலைப்படுவதில்லை.

"சீட் பெல்ட் மாதிரி சார். நீங்களும் போடுங்க. உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, எழுதிக் குடுப்பாரு."

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சீட் பெல்ற் போடச் சொல்லித் திரிகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன மறுமொழி சொல்லுவான்? "ஓம், கேக்கிறன்" என்றேன்.

கேட்கப் போனதும் உண்மை. எங்கள் குடும்ப டொக்டரும் தமிழர்தான். நல்ல மனிசன். ஆனால் அவருடைய இடத்தில் பன்னிரண்டு கதிரை இருந்தால், பத்தில் என்னிடம் கார் பழகினவர்கள் இருப்பார்கள். வரவேற்பில் இருக்கிற அன்ரி, "என்ன தம்பி, என்ன வருத்தம்?" என்று திருவிழா ஒலிபெருக்கிக் குரலில் விசாரிப்பா. நான் சொல்லவேண்டிய வசனத்தை வழிநெடுக பாடமாக்கிக்கொண்டு போனேன். டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "சொல்லும்" என்றார்.

"காதுக்குள்ள குடைச்சல், டொக்டர்" என்றது என் வாய்.

சொட்டு மருந்தோடு திரும்பி வந்தேன். அடுத்த மாதம் போனபோது முழங்கால் நோகுது என்று சொல்லி, பூசுகிற மருந்து வாங்கி வந்தேன். மூன்றாம் தரம், எதையாவது சொல்லவேண்டுமே என்று இருமினேன். கொஞ்சம் நன்றாகவே இருமிவிட்டேன் போல, நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டார்.

மதுரைக்காரர் என் பையைத் திறந்து மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். காது மருந்து, முழங்கால் மருந்து, எக்ஸ்ரேத் துண்டு.

"காது இப்ப நல்லா கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப கேளுங்க. பயம் தப்பில்லை. ஆனா நாப்பத்துமூணு வயசுல ஒரு மாத்திரை கேக்க வாய் வரலைன்னா, நாளைக்கு நான் ஆஸ்பத்திரில கிடக்கும்போது 'நீங்க இவருக்கு என்ன வேணும்'னு நர்ஸ் கேட்டா என்ன சொல்வீங்க? டிரைவிங் மாஸ்டர்னா?"

நான் பகிடி விட இடம் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குப் பகிடி கிடைக்காத சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு, அதனால் பயந்துபோனேன்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன் சார். அப்புறம் நாம நல்ல ஃப்ரெண்ட்ஸ்."

அந்த "சார்" அவர் வாயில் எப்போதும் வருவதுதான், ஆனால் இந்தத் தரம் அது தூரத்திலிருந்து வந்தது. நல்ல ஃப்ரெண்ட்ஸ் எனக்கு ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இவர்.

டொக்டரிடம் போகாமலே சில பாமசிகளில், மருந்துக்கடையிலேயே, இந்தக் குளிசை எடுக்கலாம் என்று அவர்தான் தேடிப் பிடித்துச் சொன்னார். ஒரு டொக்டர் முன்கூட்டியே கையெழுத்து வைத்துக் கொடுத்த ஒழுங்கு இருக்குமாம். அதன்படி பாமசிஸ்ற் தானே ஆளை இருத்திக் கேள்வி கேட்டு, இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, குளிசையும் கொடுக்கலாமாம். அவர் தந்த பட்டியலில் எல்லாம் நகரத்துக்குள் இருந்தன. நகரத்துக்குள் ரெஸ்ற் பாஸ் பண்ணின என் மாணவர்கள் ஓடித்திரிகிறார்கள். நானாகத் தேடி ஒஷாவாவில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிக்கரிங்கில் ஒன்று கிட்ட இருந்ததுதான். ஆனால் பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் போன என் ஆட்கள் ஒரு பஸ்ஸை நிரப்புவார்கள். ரயில் அங்கே நின்றபோது தொப்பியை இன்னும் கீழே இழுத்தேன். விட்பியில் நின்றபோது கொஞ்சம் நிமிர்ந்து, இது அவருடைய இடம் என்று வெளியே பார்த்தேன்.

ஒஷாவாப் பாமசியில் முன்னுக்கு நின்றது பொன்னிற மயிர்ப் பெட்டை ஒருத்தி. என் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. "பாமசிஸ்ற் இப்ப வருவா" என்று சொல்லி என்னை ஒரு சின்ன அறைக்குள் இருத்தினாள். வந்தது, வெள்ளைக் கோட் போட்ட, எங்கள் நிறத்து மனுஷி ஒருத்தி. கழற்றப்போன தொப்பியைத் திரும்பக் கீழே இழுத்துவிட்டேன். ஆனாலும் மனதைத் தேற்றினேன்: மலையாளமாக இருக்கலாம், கயானாவாக இருக்கலாம், உலகம் பெரியது. ஆங்கிலத்தில் பேசினா. நானும் ஆங்கிலத்தில், கொஞ்சம் மூக்கால், பேசினேன்.

என்ன கேள்வியெல்லாம் கேட்டா தெரியுமா! ஆரோடு, எத்தனை பேரோடு, எப்படி, கடைசியாக எப்போது. காய்கறிக்கு நிறை போடுகிற முகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுமொழி சொல்வது, நான் பயந்ததுபோல், உயிரை வாங்கவில்லை. சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் முதலில் பார்க்கவேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்க்கவேண்டும், பார்த்தால்தான் அடுத்த போத்தல் என்று விளங்கப்படுத்தினா. இருபது நிமிஷம். எல்லாம் முடிந்தது. எழும்பவேண்டியதுதான்.

அப்போது அவவின் போன் அடித்தது.

"ஓம்... ஓம், ஆறு மணிக்கு வாறன். பிரீசருக்குள்ள இருக்கிற மீனை எடுத்து வெளியில வையுங்கோ. ஐயோ, அது றால். மற்றது!"

அசல் யாழ்ப்பாணம். கொஞ்சமும் கலப்படமில்லை.

ஒரு புத்தியுள்ளவன் என்ன செய்வான்? மாஸ்க்கைச் சரிபண்ணிக்கொண்டு, தாங்க்யூ சொல்லிவிட்டு, அடுத்த ரயிலைப் பிடிப்பான். எனக்கோ நாக்கு முந்திக்கொண்டது. நம்மவர்கள் இரண்டு பேர் ஒரு இடத்தில் இருந்தால் தும்மல் மாதிரி வருகிற கேள்வி அது, அடக்க முடியாது.

"நீங்கள் ஊரில எவடம்?"

அவ பேனையை மூடினா. என்னை ஒரு கணம் பார்த்தா. "அண்ணை, யோசிச்சுக் கேளுங்கோ. நீங்கள் கேட்டால் பிறகு நானும் கேக்க வேண்டிவரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எச்சரிக்க முடியுமா? வீதியில் பெரிய சிவப்பு எழுத்தில் 'நில்' என்று போட்டிருக்கிறது. மாணவன் யாராவது அதில் நிற்காமல் போனால் நான் பிரேக்கை மிதித்து, காரை ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் பேசுவேன்.

"கேளுங்கோவன்" என்றேன்.

"நான் இணுவில். என்ர மனுசன் கோண்டாவில்."

"கோண்டாவிலோ! ஸ்ரேசனுக்குக் கிட்டவோ?"

"ஸ்ரேசனுக்குப் பின்னுக்கு. தபால்கந்தோர்க்காரர் வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை."

"தபால்கந்தோர் மாமாவோ? நாங்களும் அந்த ஸ்ரேசனுக்குப் பின்னுக்குத்தான், அவர் எங்கட அம்மாவின்ர ஒண்டவிட்ட தமையனெல்லோ!" இதைச் சொல்லும்போது நான் மகிழ்ச்சியில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன். கண்ணாடியும் போய்விட்டது.

"அட, கார் பழக்கிறவர்! என்ர மச்சாளும் உங்களிட்டத்தான் பழகினவ. ரிவேர்ஸிலயே பெயிலானவ."

"ஓமோம், அவ கண்ணாடியைப் பாக்கமாட்டா."

"அப்ப ஜூன் மாசம் மாமாவின்ர பேத்தியின்ர கலியாணத்துக்கு நிப்பியளே? மார்க்கம் ரவுண் ஹோலில."

"பின்னே? கலியாணக் காட் வந்திட்டுது. அம்மா சீலையும் எடுத்திட்டா."

அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம். என் அந்தரங்கம் முழுவதும் ஒரு தாளில், நிரை நிரையாகச் சரி போட்டபடி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

முகம் எனக்கு எந்த நிறமாகியிருக்கும் என்று தெரியாது. அவ தாளை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்து வைத்தா.

"அண்ணை, நான் வாய் திறக்கிற ஆளெண்டால் அரைவாசிக் கலியாணங்கள் நிண்டிருக்கும். பேசாமல் போய் இரத்தத்தைக் குடுத்திட்டு வாங்கோ." பிறகு, "ஒண்டு கேக்கிறன். ஏன் உங்கட டொக்டரிட்டக் கேக்கேல்லை?"

காது, முழங்கால், இருமல் எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "நாங்கள் இப்பவும் டொக்டர் ஒருத்தரின்ர கையெழுத்துக்குக் கீழதான் இதைச் செய்யிறம். நேரடியாய் எங்களை எழுதிக் குடுக்க விடுங்கோ எண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம். எல்லாப் பாமசியிலயும் குடுத்தால் உங்களைப் போல ஆக்கள் ஒஷாவாவுக்கு வரத் தேவையில்லை. காதும் தப்பும்."

பத்து நாளில் முடிவுகள் வந்தன, எல்லாம் சுத்தம். போத்தலை ரயிலில் போய் எடுத்துவந்து, காரில் விட்பிக்குக் கொண்டுபோனேன். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. முதல் குளிசையை அவருடைய குசினியில் நின்று விழுங்கினேன். அவர் கை தட்டினார். பிறகு கேசரி கிண்டினார், முந்திரிப்பருப்பு கருகிப்போனது, இரண்டு பேரும் சட்டியிலிருந்தே சாப்பிட்டோம். வாசலில் திறப்பு, அவர் பாஷையில் சாவி, மாட்டுகிற பலகையில் ஒரு கொளுக்கி வெறுமையாக இருந்தது. "அது உங்களுக்கு" என்றார், 'சார்' போடாமல். அன்று நான் வீடு போகும் வரைக்கும் விசிலடித்துக்கொண்டே கார் ஓடினேன். ஹோர்னும் ஒருதரம் அடித்தேன்.

அவருடைய துணிச்சல் எனக்கு இன்னும் முழுவதும் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் அம்மா எல்லார் மருந்தையும் வாசித்துப் பார்ப்பா. ஆகவே குளிசைகளை வைட்டமின் போத்தலுக்குள் மாற்றினேன். ஒஷாவாக்காரி அப்படிச் செய்யவேண்டாம் என்று சொல்லித்தான் தந்தா. நான் எப்போது சொல்வழி கேட்டேன்?

இரண்டாவது வாரமே அம்மா போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தா. "உது என்ன நீலமாய்?"

"வைட்டமின் அம்மா."

"முகத்தில ஒரு களை வந்திருக்கு. எனக்கும் ஒண்டு தாவன், முழங்கால் நோகுது."

"ஐயோ, இது ஆம்பிளையளுக்கு!" என்று பறித்து, என்னிடம் சும்மா கிடந்த முழங்கால் மருந்தைக் கொடுத்தேன். வீண்போகவில்லை.

ஆனால் ஜூன் நெருங்க நெருங்க எனக்கு நித்திரை கெட்டது. வாய் திறக்கமாட்டேன் என்று அவ சொன்னா. சரி. ஆனால் கலியாண வீட்டில், ஐந்நூறு பேருக்கு நடுவில், சொந்தக்காரர் சூழ்ந்து நிற்கும்போது, "உங்களை எங்கயோ கண்டிருக்கிறன்" என்று ஆராவது தொடங்கினால்? அவ ஒரு சிரிப்புச் சிரித்தாலே போதும், அம்மா மிச்சத்தைத் தானே தோண்டி எடுத்துவிடுவா. மே மாதக் கடைசியில் மூன்று மாதக் கணக்குக்கு ஒஷாவா போகவேண்டியிருந்தது. போகவில்லை. புதன்கிழமை அவவைப் பாமசியில் கண்டு, சனிக்கிழமை கலியாணத்தில் கண்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று தள்ளிப்போட்டேன்.

மார்க்கம் நகரத்து ஹோலில் நான் மூலை மேசையாகப் பார்த்து இருந்தேன். பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை, அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தா. "எழும்பு. எங்கட கோண்டாவில் மாமா வீட்டுப் பக்கத்தாக்களின்ர மருமகள் நிக்கிறா. பாமசியில பெரிய வேலையாம். வா, அறிமுகப்படுத்திவிடுறன்."

மெரூன் பட்டுச்சேலையில், கையில் சர்பத்தோடு, ஒஷாவாக்காரி நின்றா. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பிள்ளை, இவன்தான் என்ர மகன்" என்றா அம்மா.

அவ என்னை மேலிருந்து கீழே பார்த்தா. வாழ்நாளில் காணாத ஒருவரைப் பார்க்கிற பார்வை.

"அப்பிடியே அன்ரி? சந்தோசம். என்ன செய்யிறார்?"

"கார் பழக்கிறான்."

"ஓ. நல்ல தொழில்." என் பக்கம் திரும்பி, வலு மரியாதையாக, "நீங்கள் ஊரில எவடம்?" என்றா.

சத்தியமாகச் சொல்கிறேன், முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. நானும், "கோண்டாவில்" என்றேன்.

"கோண்டாவிலோ! ஸ்ரேசனுக்குக் கிட்டவோ?"

"ஸ்ரேசனுக்கு... பின்னுக்கு."

"தபால்கந்தோர் மாமாவைத் தெரியுமோ?"

ஒஷாவாவில் நான் ஒப்புவித்த அத்தனையையும், ஒன்று விடாமல், முதலிலிருந்து கேட்டு வாங்கினா. அம்மாவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி விலா நொந்தது. கடைசியில் அம்மா வழமையான இடத்துக்கு வந்தா: "இவனுக்கும் ஒரு பொம்பிளை பாத்துச் சொல்லன், பிள்ளை."

"அன்ரி, நான் மருந்துதான் குடுக்கிறது."

"மருந்தெண்டு சொல்லத்தான் ஞாபகம் வருது. இவன் ஒரு வைட்டமின் எடுக்கிறான், நீலம். எடுக்கத் தொடங்கின நாளில இருந்து ஆள் விசிலடிச்சுக்கொண்டு திரியுது. அது நல்லதோ?"

ஐந்நூறு பேர் இருந்த ஹோலில் மேளச்சத்தம் நின்றுவிட்டதுபோல் எனக்கு இருந்தது. அவ ஒரு வாய் சர்பத் குடித்தா.

"மெத்த நல்லது அன்ரி. நாள் தவறாமல் எடுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் மட்டும் எடுத்துப்போடாதேங்கோ, அது அவருக்குத்தான்."

"அப்ப சரி" என்று அம்மா, மூன்று மாதச் சந்தேகம் தீர்ந்த முகத்தோடு, கலியாணப் பொம்பிளையைப் பார்க்கப் போய்விட்டா.

சாப்பாட்டு வரிசையில் அவவுக்குப் பின்னால் போய் நின்றேன். கண் கலங்கியிருந்தது, கத்தரிக்காய்ப் பொரியலின் புகை என்று யாராவது கேட்டால் சொல்லலாம். நன்றி சொல்ல ஒரு பெரிய பேச்சே தயாராக இருந்தது: அவவின் நடிப்பைப் பற்றி, குளிசை எழுதிக் கொடுக்கிற அதிகாரத்தை எல்லாப் பாமசிஸ்ற்மாருக்கும் உடனே கொடுக்கவேண்டும் என்பதைப் பற்றி, விட்பியில் இருக்கிற ஒரு திறப்புக் கொளுக்கியைப் பற்றி.

"தங்கச்சி, நீங்கள் எனக்குச் செய்த உதவியை நான் சாகும் வரைக்கும்..." என்று தொடங்கினேன்.

அவ திரும்பிப் பார்க்காமல் வடை ஒன்றைத் தட்டில் வைத்தா.

"பிளட் ரெஸ்ற் பிந்திட்டுது, அண்ணை."